பச்சை வார்னிஷில் ஒரு கட்டைவிரல்

துப்பறிவதற்கு மூளை வேண்டும் என்று சொல்கிறவர்கள் யாரும் துப்பறிந்து பார்த்தவர்கள் அல்ல. வேண்டியது முழங்கால். காணாமல் போன சாமான்களும் காணாமல் போன மனிதர்களும் ஏனோ எப்போதும் மாடியில்தான் இருக்கிறார்கள். தரைத்தளத்தில் தீர்ந்த வழக்கு என்று ஒன்றுகூட அண்ணிக்கு இதுவரை வாய்த்ததில்லை. போதாக்குறைக்கு அவளுடைய அலுவலகமே சலவைக்கடைக்கு மேலே இரண்டாவது மாடியில் இருந்தது. அது அவளே தேடிக்கொண்டது.

அவளை அண்ணி என்று முதலில் கூப்பிட்டவன் கணவரின் தம்பி. கணவருக்குக் கப்பலில் வேலை. வருஷத்தில் பத்து மாதம் கடலில். போகும்போது வீட்டில் விட்டுவிட்டுப் போனது ஒரு ஸ்கூட்டரையும் இந்தத் தம்பியையும்தான். கூரியர் கம்பெனியில் தொலைந்த பார்சல் பிரிவில் பத்தொன்பது வருஷம் தேய்ந்த பிறகு அவள் சொந்தமாகத் துப்பறியும் அலுவலகம் திறந்தாள். கொழுந்தன் வீட்டில் சும்மா உட்கார்ந்து பேசுவதை அலுவலகத்தில் உட்கார்ந்து பேசட்டும் என்று உதவியாளனாகச் சேர்த்துக்கொண்டாள். வருகிறவர்கள் முன்னாலும் அவன் வாய்க்கு வாய் அண்ணி என்றான். அவர்களும் அப்படியே கூப்பிட ஆரம்பித்தார்கள். ஐம்பத்தாறு வயதில் அவள் ஊருக்கே அண்ணியானது இப்படித்தான்.

வெள்ளிக்கிழமை காலை ஒன்பதரைக்கு வந்த அம்மாள் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள். பல் ஆஸ்பத்திரியின் வரவேற்பு மேசையில் வேலை. ஒரு மணி நேரம் அனுமதி கேட்டு வந்திருந்தாள். தினமும் நூறு பேரை உட்கார வைக்கிறவளுக்குத் தான் உட்காரத் தெரியவில்லை.

விஷயம் இதுதான். அவளுக்கு ஒரே பையன். நாலு வருஷத்துக்கு முன்னால், பத்தொன்பது வயதில், தன்னுடைய பழைய எலெக்ட்ரிக் கிடாருக்குப் புது வர்ணம் அடிப்பதாகச் சொல்லி, கூடத்தில் உட்கார்ந்து உப்புத்தாள் போட்டுத் தேய்க்க ஆரம்பித்தான். சிவப்புத் தூள் வீடு முழுக்கப் பறந்தது. துவைத்த துணி, தண்ணீர்க் குடம், அவன் அப்பா அடுக்கி வைத்திருந்த காகிதங்கள் என்று ஒன்றையும் விடவில்லை. அப்பா வந்தார், பார்த்தார், ஒரு வார்த்தைக்கு இரண்டு வார்த்தையானது, கிடாரைப் பிடுங்கி வீசினார். சுவரில் பட்டு ஓரம் பிளந்தது. அந்த வாரமே பையன் வீட்டைவிட்டுப் போய்விட்டான். இப்போது ரயிலில் ஆறு மணி நேரம் தள்ளி ஒரு ஊரில் வேலை. அம்மாவோடு போனில் பேசுவான். அப்பாவோடு நாலு வருஷமாக ஒரு பேச்சும் இல்லை.

பாதி சிவப்பும் பாதி வெறும் மரமுமாக நின்றுபோன அந்தக் கிடாரை அவள்தான் போர்வையில் சுற்றிப் பரணில் போட்டு வைத்தாள். புதன்கிழமை ராத்திரி பையன் போன் செய்தான். ஞாயிற்றுக்கிழமை காலையில் வருகிறானாம். கிடாரை வாங்கிக்கொண்டு வாசலோடு திரும்பிவிடுவானாம், உள்ளே வரமாட்டானாம். வாசல்வரைக்கும் வருகிறானே, அதுவே போதும் என்று வியாழக்கிழமை விடிந்ததும் ஸ்டூல் போட்டு ஏறிப் பார்த்திருக்கிறாள். போர்வை இருந்தது, கிடார் இல்லை. கணவரைக் கேட்டால், எனக்கென்ன தெரியும் என்று பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல் சொல்லிவிட்டார்.

“பழைய சாமான்காரன்கிட்ட போட்டுட்டாரோன்னு பயமா இருக்கு,” என்றாள். “போட்டிருந்தா மறைக்காம சொல்லிடுங்க அண்ணி. ஞாயித்துக்கிழமை என் பையன் வெறுங்கையோட திரும்பினா அவன்கூடவே நானும் கிளம்பிடுவேன். பெட்டிகூட எடுத்து வெச்சுட்டேன்.”

அழாமல் சொன்னாள். அதனாலேயே அண்ணி அதை நம்பினாள். அழுதுகொண்டு சொல்கிறவர்கள் சாயங்காலம் சமாதானமாகிவிடுவார்கள், இவள் ஆகமாட்டாள்.

அண்ணிக்கு இந்த மாதிரி வழக்குகள் என்றாலே அலுப்பு. வைர நெக்லெஸ் காணாமல் போனால் கண்டுபிடித்துக் கொடுத்துவிட்டு வந்துவிடலாம். இதில் சாமானைக் கண்டுபிடித்தாலும் ஒரு குடும்பம் உடையும், கண்டுபிடிக்காவிட்டாலும் உடையும். கொழுந்தன் நோட்டில் ‘பாதி சிவப்புக் கிடார்’ என்று எழுதி அடிக்கோடு போட்டான்.

“கிளம்பலாமா அண்ணி? பரண் வேலை. நீங்க கீழ நின்னு யோசிங்க, நான் மேல நின்னு தும்முறேன்.”

*

வீடு தரைத்தளம்தான். பார்த்ததும் அண்ணிக்கு மனசு லேசானது. பிறகுதான் பக்கவாட்டில் மாடிப்படி தெரிந்தது. மேலே ஒற்றை அறை, வாடகைக்கு ஒரு ஃப்ரிட்ஜ் மெக்கானிக் இருக்கிறார் என்று அம்மாள் சொன்னாள். அதைத் தாண்டினால் மொட்டை மாடி.

வீட்டுக்காரர் ஜன்னலோரம் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். ஏதோ ஒரு அலுவலகத்தின் ஆவண அறையில் முப்பத்துநாலு வருஷம் கோப்புகளைப் புரட்டிவிட்டு ஓய்வு பெற்றவர். கோப்பு போய்விட்டது, புரட்டுகிற பழக்கம் போகவில்லை. வலது கட்டைவிரலில் சிவப்பு ரப்பர் உறை ஒன்று மாட்டியிருந்தார். தாள் வழுக்காமலிருக்கப் பொடிப்பொடியாகப் புள்ளி எழும்பியிருக்குமே, அந்த உறை. அதால் பேப்பரின் மூலையைத் தொட்டு, சத்தமில்லாமல் பக்கத்தைத் திருப்பினார். சாப்பிடவும் குளிக்கவும்தான் அதைக் கழற்றுவாராம். அண்ணி இரண்டு கேள்வி கேட்டாள். இரண்டுக்கும் “தெரியாது” என்று பதில் வந்தது, நடுவில் ஒரு பக்கமும் திரும்பியது.

“இப்பல்லாம் இந்தப் பேச்சுகூட இல்லை,” என்று அம்மாள் உள்ளே வந்து முணுமுணுத்தாள். “நான் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினதும் மொட்டை மாடிக்கு நடக்கப் போயிடுவாராம். டாக்டர் நடக்கச் சொன்னாராம். பதினோரு மணிவரைக்கும் நடை. கிடாரைத் தூக்கி எறியத் தெரிஞ்ச மனுஷனுக்கு உடம்பு மட்டும் நல்லா இருக்கணும்.”

கொழுந்தன் ஸ்டூலில் ஏறி டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு பரணுக்குள் தலையை விட்டான். அண்ணி கீழே நின்று ஒவ்வொன்றாகக் கேட்டாள், அவன் தும்மலுக்கு நடுவே பதில் சொன்னான். கிடார் சத்தத்தைப் பெரிதாக்கும் ஸ்பீக்கர் பெட்டி இருக்கிறது. ஒயர் சுருள் இருக்கிறது. போர்வை இருக்கிறது, நாலாக மடித்து ஓரம் சேர்த்து வைத்திருக்கிறது. தூசியில் ஒரு இடத்தில் மட்டும் வட்டமாகச் சுத்தம், ஒரு டம்ளரைவிடக் கொஞ்சம் பெரிய வட்டம்.

“அங்க என்ன இருந்துச்சு?” என்று அண்ணி அம்மாளைக் கேட்டாள்.

அம்மாள் யோசித்துப் பார்த்துவிட்டுச் சொன்னாள். பையன் அடிப்பதற்காக வாங்கி வைத்திருந்த பெயின்ட் டப்பா. வெளிர் பச்சை. ஒரே ஒரு தடவை திறந்தது. இந்நேரம் கல்லாகக் காய்ந்திருக்கும்.

அண்ணி சுவரில் சாய்ந்து முழங்காலுக்கு ஓய்வு கொடுத்தாள். விற்கிறவன் பெரிய ஸ்பீக்கர் பெட்டியை விட்டுவிட்டுப் போகமாட்டான். பழைய சாமான்காரனிடம் போடுகிறவர் பரணையே காலி செய்திருப்பார். காய்ந்து கல்லான பெயின்டை எவனும் சும்மா எடுக்கமாட்டான். அந்த நிறம் என்னவென்று தெரியவேண்டியவன்தான் எடுப்பான்.

“யாரோ இதுக்கு வர்ணம் அடிக்கத்தான் எடுத்திருக்காங்க,” என்றாள்.

“அப்ப இவர் இல்லையா?” அம்மாளின் முகம் ஒரு நிமிஷம் இளகியது. கணவர் திருடவில்லை என்று தெரிந்ததில் ஒரு பெண்ணுக்கு இவ்வளவு சந்தோஷம் இருக்கும் என்று அண்ணி நினைத்துப் பார்த்ததில்லை. அந்தச் சந்தோஷத்தைப் பார்த்து அவளுக்குப் பாவமாக இருந்தது. ஆனால் போர்வையை நாலாக மடித்து வைத்துவிட்டுப் போன திருடனை மட்டும் அவளால் மறக்க முடியவில்லை.

*

பெயின்ட் கடை இரண்டு தெரு தள்ளி. கடைக்காரரின் மூக்குக் கண்ணாடி முழுக்கப் பொட்டுப்பொட்டாகப் பல நிறம். காய்ந்த டப்பாவைக் கொண்டுவந்து அதே பச்சை வேண்டும் என்று யாராவது கேட்டார்களா என்று அண்ணி விசாரித்தாள். அவருக்கு யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. ஒரு மாதத்துக்கு மேல் இருக்குமாம். ஆள் ஃப்ரிட்ஜ் மெக்கானிக், பழகின வாடிக்கை. கீறல் விழுந்த ஃப்ரிட்ஜ் கதவுக்கு அடிக்க வருஷக்கணக்காக வெள்ளை மட்டுமே வாங்குகிறவர்.

“பச்சைன்னு கேட்டதும் நானே ஒருதரம் திரும்பக் கேட்டேன்,” என்றார் கடைக்காரர். “டப்பா மூடியில ஒட்டியிருந்ததைப் பாத்துக் கலக்கிக் குடுத்தேன். கூடவே மேல அடிக்கிற வார்னிஷ், உப்புத்தாள்ல நாலு ரகம். ஃப்ரிட்ஜுக்கு எதுக்குங்க மரத்துல பிளவு அடைக்கிற பட்டி? அதையும் வாங்கினாரு.”

வெளியே வந்ததும் கொழுந்தன் ஸ்கூட்டரை உதைத்தான். உதைத்து உதைத்து ஏழாவது உதையில் அது கிளம்பியது.

“வீட்டு மேலயே குடியிருந்துக்கிட்டு வீட்டுப் பரண்லயே கை வெச்சிருக்கான் பாருங்க. தப்பிச்சு ஓடக்கூடச் சோம்பேறித்தனம். உங்களுக்கு ஏத்த திருடன் அண்ணி.”

அண்ணி பதில் சொல்லவில்லை. அவள் மனசுக்குள் மாடிப்படியை எண்ணிக்கொண்டிருந்தாள். பதினெட்டு.

*

பதினெட்டுதான். மெக்கானிக் கதவை ஒரு சாண் மட்டும் திறந்தார். நாற்பது வயது, ஒல்லி, விரலெல்லாம் பற்றவைப்புச் சூடுபட்ட வடு. அறைக்குள் கதவில்லாத ஃப்ரிட்ஜ் ஒன்று, ஃப்ரிட்ஜில்லாத கதவு இரண்டு. பழைய கம்ப்ரெசர் ஒன்றில் ரப்பர் குழாய் மாட்டி, நுனியில் பெயின்ட் பீய்ச்சும் துப்பாக்கி. அப்போதுதான் குளித்ததாகச் சொன்னார். குளியலறைத் தரை உண்மையிலேயே ஈரமாக இருப்பது கதவிடுக்கில் தெரிந்தது.

அண்ணி எட்டிப் பார்த்தாள். சோப்புப் பெட்டியில் சோப்பு வெடித்துக் காய்ந்து கிடந்தது. கொடியில் துண்டு மொரமொரவென்றிருந்தது.

“சோப்பும் தொடல, துண்டும் தொடல,” என்றான் கொழுந்தன். “எங்க வீட்லயும் நான் இப்படித்தான் குளிக்கிறேன்னு அண்ணி சொல்லுவாங்க.”

குளிக்காதவன் தரையை நனைத்து வைப்பது தூசி எழும்பாமல் இருக்க. புது வார்னிஷில் ஒரு தூசி விழுந்தாலும் அது அங்கேயே குடியிருந்துவிடும். அண்ணி உள்ளே போய்க் குளியலறைக் கதவை முழுசாகத் தள்ளினாள்.

கூரைக் கொக்கியிலிருந்து அது தொங்கியது. கம்பியில்லை, கழுத்தில்லை, குமிழில்லை. இரண்டு கொம்பும் இடுப்பும் உள்ள மரப்பலகை மட்டும். கழுத்தைப் பொருத்துகிற பள்ளத்தில் ஒரு குச்சியைத் திருகி, குச்சியில் கயிறு கட்டித் தொங்கவிட்டிருந்தது. வெளிர் பச்சை. இளம் இலையை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்த மாதிரி ஒரு பச்சை. அதன் மேல் கண்ணாடியாக வார்னிஷ். ஜன்னல் அதில் முழுசாகத் தெரிந்தது. பிளந்த ஓரம் எது என்று அண்ணி தேடினாள், கண்டுபிடிக்க முடியவில்லை. அவ்வளவு பொறுமையாக யாரோ பட்டி பார்த்துத் தேய்த்திருந்தார்கள்.

கொழுந்தன் அம்மாளுக்குப் போன் செய்தான். மதியச் சாப்பாட்டு நேரம். பத்து நிமிஷத்தில் ஆஸ்பத்திரியிலிருந்து ஆட்டோவில் வந்து, படியேறி, மூச்சிரைக்க நின்று பார்த்தாள்.

“இது அவன் வாங்கின பச்சை,” என்றாள். அவ்வளவுதான் முதலில் சொன்னாள். பிறகு மெக்கானிக் பக்கம் திரும்பி, கூடப்பிறந்தவன் மாதிரி நினைத்தேனே என்று ஆரம்பித்து, மூன்று வருஷத்தில் அவருக்குச் செய்ததையெல்லாம் சொல்லிக்காட்டி, ஞாயிற்றுக்கிழமைக்குள் அறையைக் காலிசெய்துகொண்டு போகச் சொன்னாள். போலீஸுக்குச் சொல்லாமல் விடுவதே பெரிசு என்றாள். மெக்கானிக் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டார். எங்கிருந்து எடுத்தாய், எதற்கு எடுத்தாய் என்றதற்கு வாயைத் திறக்கவில்லை. கடைசியில் “சரிங்க, காலி பண்ணிடறேன்,” என்றார்.

மூன்று வருஷம் குடியிருந்த இடத்தை ஒரு மரப்பலகைக்காக விட்டுவிட்டுப் போகிறேன் என்கிற திருடனை அண்ணி பார்த்ததில்லை. தொலைந்த பார்சல் பிரிவில் ஒரு பாடம் படித்திருந்தாள்: எடுத்தவன் கதை சொல்லுவான், எடுத்தவனைத் தெரிந்தவன்தான் வாயை மூடிக்கொள்வான். அம்மாளைக் கீழே போய்ச் சாப்பிடச் சொல்லி அனுப்பினாள். பத்து நிமிஷம் கொடுங்கள், வந்து சொல்கிறேன் என்றாள்.

பிறகு குனிந்து பலகையைச் சாய்வாகப் பார்த்தாள். வலது கீழ் ஓரத்தில், கண்ணாடி மாதிரி இருந்த இடத்தில், முட்டை வடிவில் ஒரு தடம். ரேகை இல்லை. வரிசை வரிசையாகப் பொடிக் குழிகள்.

“அம்மை போட்டிருக்கு அண்ணி,” என்றான் கொழுந்தன். “தடுப்பூசி போடாத கிடார்.”

“இது என்னங்க?” என்று அண்ணி மெக்கானிக்கைக் கேட்டாள்.

“நான்தான். தெரியாம விரல் பட்டுடுச்சு.”

“ஓ. காஞ்சிருச்சா இல்லையான்னு பாத்தீங்களாக்கும். இப்ப காஞ்சிருக்கா?”

கேட்ட கேள்விக்குக் கை பதில் சொல்லிவிட்டது. மெக்கானிக் யோசிக்காமல் விரலை நீட்டி, குச்சி மாட்டியிருந்த பள்ளத்துக்குள் விட்டு, உள்விளிம்பை நகத்தால் லேசாக அழுத்திப் பார்த்தார். “இன்னும் இல்லை,” என்று சொன்ன பிறகுதான் தான் என்ன செய்தோம் என்று அவருக்கே புரிந்தது. கையை மெதுவாக இழுத்துக்கொண்டார்.

“தெரிஞ்சவங்க தொட்டுப் பாக்கிற இடம் அது,” என்றாள் அண்ணி. “நாளைக்குக் கழுத்தை மாட்டினா மறைஞ்சு போயிடும். நீங்க இத்தனை நாளா அங்கதான் தொட்டுப் பாத்திருக்கீங்க, உள்ள நகம் பட்ட கோடு நாலஞ்சு இருக்கு. தெரியாதவங்களுக்குத்தான் வெளிய நல்லா பளபளன்னு இருக்கிற இடத்துல தொடணும்னு தோணும்.”

மெக்கானிக் கெஞ்சுகிற குரலில் பேசினார். “வாக்குக் குடுத்திருக்கேங்க. அவங்க கேட்டா நான்தான்னே சொல்லிடுங்க. எனக்கு வேற ரூம் கிடைக்கும்.”

அண்ணி நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். இத்தனை வருஷத்தில் செய்யாத திருட்டுக்குப் பொறுப்பேற்கிற ஆளைப் பார்க்கும்படி ஆகிவிட்டதே என்றிருந்தது. கொழுந்தன் அந்தக் குழி வரிசையை முறைத்துப் பார்த்துக்கொண்டு நின்றான். ரப்பர் உறை என்று அவனுக்கும் புரிந்துவிட்டது. நோட்டை மூடிப் பைக்குள் வைத்தான்.

*

வீட்டுக்காரர் இருந்த இடத்திலேயே இருந்தார். பேப்பரும் அவர்கள் காலையில் விட்டுப்போன அதே பக்கத்தில் இருந்தது. காலையிலிருந்து அவர் அதைப் படிக்கவே இல்லை என்று அண்ணிக்கு இப்போது தெரிந்தது. எதிரே ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

“அந்த விரல் உறையைக் கொஞ்சம் கழட்டிக் குடுங்க,” என்றாள்.

அவர் எதற்கு என்று கேட்கவில்லை. கழற்றிக் கொடுத்தார். சிவப்பு ரப்பரின் புள்ளிகளுக்கு நடுவே, நுனியில், வார்னிஷ் மெல்லிசாக ஒட்டிக் காய்ந்து மினுங்கியது. அண்ணி அதை வெளிச்சத்தில் பார்த்துவிட்டு மேசைமேல் வைத்தாள். உள் வாசலில் அம்மாள் தட்டோடு நின்றாள்.

அவர் எழுந்து அலமாரியிலிருந்து ஒரு கோப்பை எடுத்து வந்தார். நாடா கட்டிய கோப்பு. உள்ளே ஒரே ஒரு தாள்தான். பையனின் கோழிக்கிறுக்கலில், கிடாருக்கு வர்ணம் அடிக்கிற வேலை பதினோரு வரியாக எழுதியிருந்தது. கம்பி கழற்று. பழைய பெயின்டைத் தேய்த்து எடு. பட்டி வை. மறுபடி தேய். முதல் வரிக்கு எதிரே மட்டும் பையன் டிக் போட்டிருந்தான். இரண்டாவது வரியிலிருந்து பத்தாவது வரைக்கும் ஒவ்வொன்றுக்கும் எதிரே தேதி போட்டு, பொடியாக ஒரு சுருக்கொப்பம். ஆவண அறைக் கையெழுத்து.

“போர்வைக்குள்ள இருந்துச்சு,” என்றார். “அவன் விட்ட இடத்துலேர்ந்து செஞ்சேன். தேய்க்கிறது எல்லாம் நான். அடிக்கிறது மட்டும் மேல இருக்கிற தம்பி.”

மொட்டை மாடி நடை என்னவென்று அம்மாளுக்கு அப்போதுதான் விளங்கியது. தட்டை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றாள்.

“என்கிட்ட ஏன் சொல்லல?” என்று கேட்டாள்.

“சொன்னா அன்னிக்கே அவனுக்குப் போன் பண்ணியிருப்பே.”

உண்மைதான்.

அவர் தாளைப் பார்த்தபடியே பேசினார். நாலு வருஷமாகப் பையனுக்கு ஒரு கடிதம் எழுதப் பார்த்தாராம். எப்படி எழுதினாலும் அலுவலகக் கடிதம் மாதிரியே வந்ததாம். “‘பொருள்: தாங்கள் வீட்டைவிட்டு வெளியேறியது தொடர்பாக’ன்னு ஆரம்பிச்சேன் ஒருதடவை,” என்றார். “அப்புறம் அதை நானே கிழிச்சுட்டேன். எனக்கு வேற மாதிரி எழுத வராது. இது வரும்னு தோணுச்சு. வரிசையா எழுதியிருக்கு, வரிசையா செய்யணும், அவ்வளவுதானே.”

பதினோராவது வரியைப் பையன் இரண்டு தடவை அடிக்கோடிட்டிருந்தான். முப்பது நாள் தொடாதே. தொடவே தொடாதே. கடைசி வார்னிஷ் பூசி இன்றைக்கு ஒன்பது நாள். அவன் அடுத்த வருஷம் வருவானோ என்னவோ என்று நினைத்துக்கொண்டிருந்தவர்தான். புதன்கிழமை ராத்திரி போன் வந்தது. ஞாயிற்றுக்கிழமைக்குள் காய்ந்துவிடுமா என்று வியாழக்கிழமை விடிவதற்குள் மாடிக்கு ஓடிப்போய், விதியை மீறி ஒரு தாளைக்கூடத் திருப்பியிராத மனிதர், கட்டைவிரலை வைத்து அழுத்திப் பார்த்துவிட்டார். உறையைக் கழற்றவும் தோன்றவில்லை.

“கெடுத்துட்டேன்,” என்றார். “மறுபடியும் கெடுத்துட்டேன்.”

மெக்கானிக் இதற்குள் வாசலில் வந்து நின்றிருந்தார். முழுசாகக் காய்ந்த பிறகு நைஸ் உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்துத் தேய்த்து மெருகேற்றினால் தடம் போய்விடும் என்றார். ஆனால் அதற்கு இன்னும் இருபத்தொரு நாள் ஆகும். நாளை மறுநாள் யார் கையில் கொடுத்தாலும் கை பட்ட இடமெல்லாம் தடம்தான்.

எல்லாரும் அண்ணியைப் பார்த்தார்கள். இப்படிப் பார்ப்பார்கள் என்று அவளுக்குத் தெரியும். தொலைந்ததைக் கண்டுபிடித்துக் கொடுத்தால் அதோடு விடமாட்டார்கள். அவளுக்கு முழங்கால் விண்ணென்று தெறித்தது. வீட்டுக்குப் போய்ப் படுக்கவேண்டும் போலிருந்தது.

“ஞாயித்துக்கிழமை எடுத்துட்டுப் போக முடியாது,” என்றாள். “பாக்கணும்னா படியேறி உள்ள வரணும். எடுக்கணும்னா இருபத்தொரு நாள் கழிச்சு இன்னொரு தடவை வரணும். அவனே எழுதின விதிதானே, அவனுக்குத் தெரியும். போன் பண்ணி உள்ளதைச் சொல்லிடுங்க.”

அம்மாள் தட்டைத் தரையிலேயே வைத்துவிட்டுப் போனை எடுத்தாள். பையன் எடுத்தான். கிடார் மாடியில் தொங்குகிறது, பச்சை அடித்தாயிற்று, அடித்தது அப்பா என்று ஒரே மூச்சில் சொன்னாள். பிறகு கொஞ்சம் தயங்கிவிட்டு, “காயறதுக்குள்ள தொட்டுட்டாரு,” என்றாள்.

கொழுந்தன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். அம்மாள் “என்னப்பா?” என்று கேட்டாள், மறுபடி கேட்டாள், பிறகு போனைக் காதிலிருந்து எடுத்துக் கணவரிடம் நீட்டினாள்.

“எங்க தொட்டீங்கன்னு கேக்கிறான்.”

அவர் எழுந்து நின்றுதான் போனை வாங்கினார். மேலதிகாரி கூப்பிட்டால் நிற்பாரே, அப்படி. அவர் பேசியது மட்டும்தான் இவர்களுக்குக் கேட்டது.

“முன்பக்கம்,” என்றார். “வலது கீழ் ஓரம்.” கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டார். “ஒரே ஒரு தடவைதான். கட்டைவிரல்.” மறுபடி கேட்டார். “உறையோடதான்.” அதற்கு அந்தப் பக்கம் என்ன வந்ததோ, அவர் முகம் கோணியது, சிரிக்க வந்து சிரிக்கத் தெரியாமல் நின்றது. “சரி,” என்றார். “நீயே தேச்சுக்கோ. சரி. இல்லை, தொடல. இனிமே தொடல.”

போனை மனைவியிடம் கொடுத்துவிட்டு உட்கார்ந்தார். கண்ணாடியைத் துடைத்தார், மாட்டினார், மறுபடி துடைத்தார். அண்ணிக்கும் கண் கலங்கியது. முழங்கால் வலி என்று வைத்துக்கொண்டு செருப்பைத் தேடினாள். வாசலில் அம்மாள் மெக்கானிக்கிடம் சாப்பிட்டாயா என்று கேட்டுக்கொண்டிருந்தாள். அறையைப் பற்றி இருவருமே பேசவில்லை.

செருப்பை மாட்டிக்கொண்டு அண்ணி ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். அவர் பேனாவைத் திறந்து பதினோராவது வரிக்கு எதிரே இருபத்தொரு நாள் கழித்து வரும் தேதியை எழுதினார். சுருக்கொப்பம் போடப் போனவர் பேனாவை நிறுத்தினார். அந்த இடத்தை வெறுமையாக விட்டுவிட்டு, தாளைக் கோப்பில் வைத்து, நாடாவைக் கட்டாமல் மேசைமேலேயே வைத்தார்.